கீழே ஓடும் எழுத்து

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதறது. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன். உங்க முழங்கால் எப்படி இருக்கு? லிஃப்ட் இருக்கிற வீடுன்னு கொழுந்தன் சொன்னார். படி ஏற வேண்டாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நாலாவது வரைக்கும் படிச்சவ எழுத்து, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. போன்ல தட்டி அனுப்பச் சொல்றார் அவர். உங்களுக்கும் அது பிடிக்காது, எனக்கும் அந்தப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கடிதமே இருக்கட்டும்.

ஒரு விஷயம் சொல்லணும். கேபிளை நிறுத்திடலாம்னு இருக்கேன். லாண்டரியில இப்ப வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. லாட்ஜ்ல இருந்து வர்ற பெட்ஷீட் பாதியாக் குறைஞ்சு போச்சு. கேபிள்காரர் வந்தப்போ சொன்னேன்.

"அண்ணன் இருந்தப்போ ஒரு மாசம் தவறினதில்லையே, இப்ப என்னக்கா?" அப்படின்னார்.

"அண்ணன் இல்லையே, அதான்" அப்படின்னேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னார். யோசிச்சுச் சொல்லுங்கன்னுட்டுப் போயிட்டார்.

அத்தனை சேனல் வருது, நான் பார்க்கறது ஒண்ணுமில்லை. உங்களுக்கு வாயை அசைச்சு அசைச்சுக் கதை சொல்லியே பழகிட்டேன் அண்ணி. இப்பவும் டிவி ஓடினா என் வாய் தானா அசையுது. எதிர்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, மருந்து ஏதாவது சாப்பிடறியான்னு கேட்டாங்க.

நெட் வழியாப் பார்த்தா செலவு கம்மின்னு கொழுந்தன் சொல்றார். அவர் வீட்டுல இருக்கிறதையே எனக்கும் போட்டுத் தர்றாராம்.

ஆஸ்பத்திரியில கடைசியா என் வீட்டுக்காரர் சொன்னபடி நீங்க உங்க சின்னத் தம்பி வீட்டுல சௌகரியமா இருக்கீங்க. அதை நினைச்சா கொஞ்சம் நிம்மதி. வேளைக்குச் சாப்பிடுங்க.

உங்கள்
வாயாடி


மார்ச் 19

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைச்சது. முழங்கால் அப்படியேதான் இருக்கு. லிஃப்ட் பாதி நாள் ஓடறதில்லை, அதை உன் கொழுந்தன் சொல்லியிருக்க மாட்டான்.

இங்க எல்லாரும் நல்லவங்க. வேளைக்குத் தட்டு வருது. ஆனா முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசறாங்க. சின்னவன் அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு என்கிட்ட ஏதோ கேக்கறான். அவன் பொண்டாட்டி கையால வாயை மூடிக்கிட்டுப் பேசறா, பல் எடுப்பா இருக்குன்னு கூச்சமாம். நான் என்னத்தைப் படிக்கறது? உன்னை மாதிரி முகத்துக்கு நேரா வந்து நின்னு, உதட்டை அகலமாப் பிரிச்சுப் பேச ஆள் இல்லை. பெரிய தம்பி கடைசியாச் சொல்லிட்டுப் போனதால இருக்கேன். அவன் வாக்கைத் தட்டக் கூடாது இல்லையா.

ஒரு அதிசயம் நடந்தது, கேளு. போன வாரம் சின்னவன் வேற பாஷைப் படம் ஒண்ணு பார்த்தான். படத்துக்குக் கீழே எழுத்து ஓடுது! பேசறது எல்லாம் எழுத்தா வருது. அப்புறம் பார்த்தா நம்ம பாஷைக்கும் வருதாம், ஒரு பட்டனை அழுத்தினா போதுமாம். இத்தனை வருஷம் யாரும் சொல்லலை. அன்னைக்கு எல்லாரும் சிரிச்ச அதே நேரத்துல நானும் சிரிச்சேன். ஆயுசுல முதல் தடவை. எப்பவும் எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகு நீ எனக்குச் சொல்லி, நான் தனியாச் சிரிப்பேனே, அப்படி இல்லாம.

பழைய சீரியல் எல்லாமும் அதுல இருக்கு. நம்ம மூணு மருமகள் கதை முதல் நாள்ல இருந்து இருக்கு. நேத்துத்தான் ஆரம்பிச்சேன். கேபிளை நிறுத்து, இதைப் போட்டுக்கோ. இனி உன் வாய்க்கும் ஓய்வு.

அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்க நான் சுகம். நீங்க எப்படி? முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விட ஆள் இருக்கா? கூச்சப்படாம கேளுங்க.

கேபிளை நிறுத்தியாச்சு. நெட்காரர் வந்து சுவத்துல ஓட்டை போட்டு ஒயர் இழுத்துட்டுப் போனார். கொழுந்தன் போன்ல ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல நான் ரிமோட்ல தேடித் தேடி அழுத்தினேன். ரெண்டு பேருக்கும் வேர்த்துப் போச்சு. இருக்கிறதுலயே சின்ன பிளானாம். ஒரு சமயத்துல ஒரு டிவியிலதான் ஓடும், நாம ரெண்டு வீட்டுக்காரங்களும் விட்டுக்கொடுத்துப் பார்த்துக்கணும்னார்.

ஆனா அண்ணி, எனக்கு இது ஒத்து வரலை. கேபிள்ல போட்டவுடனே ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும். நடுவுல நுழைஞ்சு நடுவுல எழுந்து வந்துடலாம். இதுல சும்மா படமா அடுக்கி வெச்சு, என்ன வேணும் என்ன வேணும்னு என்னையே கேட்டுக்கிட்டு நிக்குது. எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலையே. அடுக்கைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்துட்டு அணைச்சுடறேன்.

நீங்க ஏன் அந்தப் பழைய சீரியலைப் போட்டுப் பார்க்கறீங்க? அதான் நாம பார்த்து முடிச்சாச்சே. புதுசு எவ்வளவோ இருக்குன்னு சொல்றாங்க. அதைப் பாருங்க. மூணு மருமகள் கதையை விட்டுடுங்க. அதுல ஒண்ணும் இல்லை.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 20

வாயாடிக்கு,

நலம்தான். அங்க மழை வந்தா சமையல்கட்டு மூலையில வாளி வை. ஓட்டையை அடைக்க இப்ப தம்பி இல்லை.

அதுல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்த. அதுல நிறைய இருக்கு.

காலை விந்தி விந்தி நடக்கிற அத்தை ஒருத்தி அந்த வீட்டோட இருப்பாளே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் அவ தட்டோட உட்கார்ந்திருப்பா. மூத்த மருமகள் கதவுகிட்ட நின்னு கத்துவா. அன்னைக்கு "என்ன சொல்றா?"ன்னு உன்னைக் கேட்டேன். "அத்தைக்கு இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடச் சொல்றா"ன்ன. "சாப்பாடு போடச் சொல்றதுக்கா இப்படி மூஞ்சியை வெச்சிருக்கா?"ன்னேன். "சில பேருக்கு முகமே அப்படித்தான் அண்ணி"ன்னு சொல்லிட்டு நீ தண்ணி குடிக்கப் போயிட்ட.

இப்ப எழுத்துல படிச்சேன். அவ சொல்றது இது: "உட்கார்ந்து தின்னே இந்த வீட்டை அழிச்சிடுவா. இதுக்கு ஒரு சாவு வர மாட்டேங்குதே."

ரெண்டு தடவை நிறுத்திப் படிச்சேன்.

அந்த ஒண்ணு மட்டும் இல்லை. அத்தை வர்ற இடம் எல்லாமே நீ சொன்னது வேற, அவங்க பேசினது வேற. அந்த மூத்த மருமகளை நான் நல்லவள்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ கட்டற மாதிரி புடவை வேணும்னு கடையில கேட்டேனே, நீ கூட வந்து நின்னியே.

என்ன இது?

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்க நலத்துக்கு எழுதுங்க.

அந்த சீரியல் ஓடற நேரத்துல பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும். நம்ம டிவியும் கரகரன்னு இருக்கும். சரியாக் கேட்காம ஏதாவது சொல்லியிருப்பேன். பெரிசா எடுத்துக்காதீங்க.

லாண்டரியில என்கூடப் பெட்ஷீட் மடிக்கிறவ நின்னுட்டா. தனியா மடிக்கிறது கஷ்டம் அண்ணி. ஒரு முனையை ஆணியில மாட்டிட்டு மறுமுனையை நான் பிடிச்சு இழுக்கிறேன். ஆணி கிட்ட வந்து மடிச்சுக் கொடுக்குமா? நாமதான் நடந்து போகணும். நம்ம வீட்டுல நீங்களும் நானும் பிடிச்சா எவ்வளவு சீக்கிரம் முடியும்.

உங்கள்
வாயாடி


மே 15

வாயாடிக்கு,

காது கேட்காதவகிட்ட வந்து மிக்ஸி மேல பழியைப் போடற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்.

உன் புளுகை எல்லாம் ஒண்ணொண்ணாக் கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கேன். லாரிக்கார மாமா கதை நடுவுலயே செத்துப் போறார். உன் கதையில அவர் சாகவே இல்லை. வெளியூர்ல லோடு இறக்கப் போயிருக்கார்னு எத்தனை மாசம் ஓட்டின! மாமி அழுதுக்கிட்டே இருக்காளேன்னு கேட்டேன், அவளுக்குக் கண்ணுல கோளாறுன்ன. சுவத்துல அவர் போட்டோவைப் பெரிசா மாட்டிட்டாங்களேன்னு கேட்டேன், அவருக்குப் பிறந்தநாள்னு சொன்ன. இங்க தனியா உட்கார்ந்து சிரிச்சேன். சின்னவன் பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டு எட்டிப் பார்த்தா.

தம்பியும் பக்கத்துலதானே உட்கார்ந்திருப்பான்? அவனுக்குக் காது கேட்கும். நீ மாத்திச் சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பான்? அவன் அப்பப்ப எழுந்து வெளியே போறது பீடி குடிக்கன்னு நினைச்சேன். சிரிக்கப் போயிருக்கான், திருட்டுப் பய.

சரி, சிரிப்பு அதோட போகட்டும். இப்ப ஒண்ணு கேக்கறேன், இதுக்கு நேராப் பதில் எழுது.

ஆஸ்பத்திரியில தம்பி மாஸ்க்கை விலக்கிட்டு உன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். நான் கால்மாட்டுல நின்னேன். அவன் வாய் எனக்குத் தெரியலை. என்ன சொன்னான்னு கேட்டேன். "அக்கா இங்க கஷ்டப்பட வேண்டாம், சின்னவன் வீட்டுக்கு அனுப்பி வெச்சிடு, அங்க நல்லாப் பார்த்துப்பாங்க"ன்னு சொன்னதா நீ சொன்ன. அதுக்கு மேல அவன் பேசலை. அந்த வார்த்தையை வெச்சுத்தான் நான் பெட்டியைக் கட்டினேன். என் தம்பி என்னை அந்த வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டான்னு நினைச்சுக்கிட்டுத்தான் இங்க ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கேன்.

அதுக்கும் கீழே எழுத்து ஓடியிருந்தா என்ன இருந்திருக்கும்?

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் அப்பவே கிடைச்சது. பதில் எழுதக் கை வரலை. உடம்பு நல்லா இருக்கீங்களா? இங்க எனக்கு லேசாக் காய்ச்சல் வந்து போச்சு, இப்ப பரவாயில்லை.

கேபிள்காரர் வந்து பழைய பாக்ஸைக் கழட்டிட்டுப் போனார். அது இருந்த இடத்துல சதுரமாத் தூசி. அதை இன்னும் துடைக்கலை. உங்க தம்பியோட மோட்டார் கடையை வேற ஒருத்தருக்கு விட்டாச்சு. செம்புக் கம்பி சுத்தின பழைய ஆர்மேச்சர் எல்லாம் எடைக்குப் போட்டாங்க.

சாயங்காலம் வந்து டிவியைப் போட்டா, "இந்தக் கணக்கு வேறொரு திரையில் பயன்பாட்டில் உள்ளது"ன்னு வருது. முதல்ல அதைப் படிச்சு முடிக்கவே எனக்கு நேரம் ஆச்சு. இப்ப பழகிடுச்சு. அது வந்தா, அண்ணி அங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு அணைச்சிட்டுப் படுத்துக்குவேன். ஒரு நாள் அது வராம படம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்கு என்னவோ ஏதோன்னு பயந்து கொழுந்தனுக்குப் போன் பண்ணினேன். கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களாம்.

வேற விசேஷம் இல்லை.

உங்கள்
வாயாடி


ஜூலை 18

நான் கேட்டதுக்கு இதுல பதில் இல்லை.

நீ மறந்திருப்பியோ என்னவோ, நான் பொறந்ததுல இருந்து அடுத்தவங்க முகத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். அவன் வாய் தெரியலையே தவிர, கன்னம் தெரிஞ்சது. தாடை அசைஞ்சது தெரிஞ்சது. அவன் சொன்னது கொஞ்சம். நீ சொன்னது நீளம்.

அன்னைக்கே அது தெரியும் எனக்கு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்னைக்கு யோக்கியதை இல்லை. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

அந்த வார்டுல சுவத்துல ஒரு டிவி இருந்ததே, ஞாபகம் இருக்கா? சத்தம் இல்லாம ஓடிக்கிட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் மாஸ்க்கை விலக்கினார். சொன்னது இவ்வளவுதான்:

"கேபிளை நிறுத்திடு. ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தனை."

அவ்வளவுதான் அண்ணி. தனக்குப் பிறகு வீட்டுச் செலவு எப்படி ஓடும்னு அங்கே படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கார். ரெண்டு பேருன்னு சொன்னார். நீங்களும் நானும் அந்த வீட்டுலதான் இருப்போம்னு அவருக்குத் தெரியும். அதுல அவருக்குச் சந்தேகமே இல்லை. யோசிக்கிற விஷயமாக்கூட அது அவருக்கு இல்லை.

அவர் சொல்லி முடிச்சதும் நான் நிமிர்ந்தேன். கால்மாட்டுல நீங்க நின்னீங்க. அதே மூக்கு, அதே புருவம். "என்ன சொன்னான்?"னு தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக் கேட்டீங்க. அவரும் அப்படித்தான் சாய்ப்பார். நாளைக்கு அவர் இருக்க மாட்டார், இந்த முகம் மட்டும் வீட்டுல நடமாடும், எதிர்ல உட்கார்ந்து சாப்பிடும், என் வாயைப் பார்க்கும்னு தோணிச்சு. என்னால முடியாதுன்னு இருந்தது. வாய் தானா மாத்திச் சொல்லிடுச்சு. அதுக்குத்தான் அத்தனை வருஷப் பழக்கம் இருக்கே.

நீங்க போன பிறகு என்ன நினைச்சேன் தெரியுமா? முகம் இல்லாம இருந்தா லேசா இருக்கும்னு நினைச்சேன். இப்ப ரெண்டு பேருமே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு டிவி. அதுலயும் யாரோ பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு வருது.

சீரியல்ல மாத்தினது வேற. அது உங்க முகம் வாடக் கூடாதுன்னு செஞ்சது. அதுக்காக நான் வருத்தப்படலை. இதுக்குத்தான்.

என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்க.

வாயாடி


ஆகஸ்ட் 27

அண்ணிக்கு,

பதில் வரலை. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சாயங்காலம் அந்த எழுத்து வருது. அதனால நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுக்கறேன்.

வாயாடி


செப்டம்பர் 29

வாயாடிக்கு,

நல்லாத்தான் இருந்தேன். கோவமா இருந்தேன். உன்மேல இருந்த கோவத்துல உனக்கு எழுதாம, சீரியலைக் கடைசி வரைக்கும் பார்த்து முடிச்சேன். நீ இங்க வந்திருந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டிருப்பேன். என்னோட சண்டை போடறவங்களுக்கு அதுதான் பெரிய தண்டனை, நான் திரும்பிக்கிட்டா நீங்க கத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? அந்த விந்தற அத்தை ஒரு பையை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுப் போறா. தெருமுனை வரைக்கும் காட்டறாங்க. அதுக்கப்புறம் அவளைக் காட்டவே இல்லை. எங்க போனா, என்ன ஆனா, ஒருத்தரும் கேட்கலை. வீட்டுல விசேஷம் நடக்குது, எல்லாரும் சிரிக்கிறாங்க, முடிச்சிட்டாங்க.

உன் கதையில அவ மருந்து வாங்கப் போனா. திரும்பி வந்தா. மாடி ரூம் அவளுக்குன்னு எழுதி வெச்சாங்க. "ஆளையே காட்டலையே?"ன்னு நான் கேட்டதுக்கு, "மாடியில இருக்காங்க அண்ணி, படி ஏற கேமராக்காரனுக்குச் சோம்பேறித்தனம்"னு சொன்ன. நம்பினேன் பாரு.

அந்த அத்தைக்கு அப்படி ஒரு இடம் தேடிக் கொடுத்தவ, என்னைப் பையோட தெருமுனையில விட்டுட்ட. அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஒரு மாசம் தாங்க முடியலை.

அப்புறம் அவன் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தனை. கஞ்சப் பய. சாகப் போறப்பவும் கேபிளை நிறுத்தச் சொல்லிட்டுப் போயிருக்கான். எனக்குன்னு தனியா ஒரு வார்த்தை இல்லையேன்னு முதல்ல வருத்தமா இருந்தது. பிறகு யோசிச்சா, வீட்டோட இருக்கிறவளுக்கு எதுக்குத் தனியா வார்த்தை?

நேத்து சின்னவன் பெரிய பிளான் போடறேன்னான். ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல ஓடுமாம். வேண்டாம்னுட்டேன். ஒரே வீட்டுல இருந்தா சின்ன பிளானே போதும்னு எழுதிக் காட்டினேன். அதைப் படிச்சுட்டு, முதல் தடவையா என் முகத்துக்கு நேரா வந்து நின்னு, "போகணுமாக்கா?"ன்னு கேட்டான். நல்லாத் தெளிவாத்தான் பேசறான், மனசு வெச்சா.

வர்ற சனிக்கிழமை பஸ் ஏறறேன். ஸ்டாண்டுக்கு வா, முழங்காலை வெச்சுக்கிட்டு என்னால பெட்டி தூக்க முடியாது. வாளியை மூலையில வெச்சியா? பாக்ஸ் இருந்த இடத்துல இருக்கிற தூசியைத் துடை.

என் முகம் இதுதான். அதை மாத்த என்னால முடியாது. பார்த்துப் பார்த்துத்தான் நீ பழகணும். அழுகை வந்தா அழு, எனக்குக் கேட்கப் போறதில்லை.

டிவியில எழுத்து ஓடட்டும், அதை நிறுத்தாதே. நீயும் எப்பவும் போல எதிர்ல உட்கார்ந்து சொல்லு. நான் ரெண்டையும் பார்த்துக்கறேன், நீ எந்த எந்த இடத்துல மாத்தறேன்னு.

அண்ணி